சொந்தக்காரங்கன்னு சொல்லுங்க

நான் வேலை பார்த்த இடத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதற்கும் ஒரு தடையில்லாச் சான்று கேட்பார்கள். மலையடிவாரத்தில், முள்வேலிக்குள், துப்பாக்கி பிடித்த காவலர்கள் நிற்கிற ஒரு மத்திய அரசு நிலையம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். விடியுமுன் தென்காசியிலிருந்து கிளம்பும் கம்பெனி வேனில் பதினொரு வருடம் அங்கே போய்வந்தேன். வரைபட அறையில் வேலை. உள்ளே தயாராகிற ஒவ்வொரு உதிரிப் பாகத்துக்கும் ஒரு வரைபடம் உண்டு. அதைத் திருத்துவார்கள், மறுபடி திருத்துவார்கள். பழைய பிரதியைப் பார்த்து எவனாவது ஒரு துளையைத் தள்ளிப் போட்டுவிட்டால் பல மாத உழைப்பு குப்பைக்குப் போகும். சரியான பிரதி சரியான கைக்குப் போகிறதா, பழையது திரும்பி வந்துவிட்டதா என்று பார்ப்பதுதான் என் வேலை. பெருமைக்குச் சொல்லவில்லை, என் கையைத் தாண்டி ஒரு தாள் வழிதவறிப் போனதில்லை.

ஆனால் நான் அரசு ஊழியை கிடையாது, காண்ட்ராக்ட். மூன்று வருடத்துக்கு ஒருமுறை டெண்டர் மாறும். மேஜை அதே, நாற்காலி அதே, அலமாரிச் சாவி அதே. சம்பளம் போடுகிற கம்பெனியின் பெயர் மட்டும் மாறும். கம்பெனி மாறினால் ஆளும் புதிது என்பது அங்கே கணக்கு. உள்ளே போக வர செக்யூரிட்டி கிளியரன்ஸ் வேண்டும். இவள் நம்பத் தகுந்தவள்தான் என்று போலீஸ் விசாரித்துச் சொல்ல, நிலையம் அதை ஏற்றுக்கொண்டு கேட் பாஸ் தருவதற்குத்தான் அந்தப் பெயர். அது என்னோடு ஒட்டியது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லையாம், கம்பெனியோடு ஒட்டியதாம். பழைய கம்பெனி கிளம்பும்போது என் யோக்கியதையையும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடும். புதிய கம்பெனி வந்ததும் இவள் யார், எந்த ஊர், திருடியா, தேசத் துரோகியா என்று அடியிலிருந்து விசாரிக்க வேண்டும்.

முந்தைய மூன்று தடவையும் இது ஒரு சடங்காகத்தான் நடந்தது. தற்காலிக பாஸ் ஒன்று கொடுத்து உள்ளே விட்டுவிடுவார்கள், போலீஸ் அறிக்கை மெதுவாக வந்து சேரும். இந்தத் தடவை பாதுகாப்புப் பிரிவுக்குப் புதிய அதிகாரி வந்திருந்தார். தற்காலிக பாஸ் என்ற பேச்சே கிடையாது என்றுவிட்டார். சரி, பழைய போலீஸ் சான்றையாவது பாருங்கள் என்று நீட்டினேன். அதில் திருநெல்வேலி மாவட்டம் என்று இருந்தது. நாங்கள் இப்போது தென்காசி மாவட்டம். "இது வேற மாவட்டத்து சர்ட்டிபிகேட்மா" என்று அங்கிருந்த கிளார்க் திருப்பிக் கொடுத்தான். ஏ அப்பா, நான் எங்கே போனேன்? குற்றாலத்தில் அதே தெரு, அதே வீடு. மாவட்டம்தான் பிரிந்து போனது. அதைச் சொன்னால் கிளார்க்குக்குச் சிரிப்பு.

ஆனி மாதம் பழைய கம்பெனி கணக்கை முடித்தது. மறுநாள் வழக்கம்போல வேனில் போய் கேட்டில் இறங்கினேன். பதினொரு வருடம் "வாங்கம்மா, சாப்ட்டாச்சா" என்று கேட்ட அதே காவலாளி, "பாஸ் இல்லாம விட முடியாதும்மா" என்றார். என் ஏசி ஸ்வெட்டரும் டிபன் தூக்கும் உள்ளே மேஜை இழுப்பறையில் கிடந்தன. எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றேன். அதற்கும் பாஸ் வேண்டுமாம்.

புதிய கம்பெனிக்கு சைட் இன்சார்ஜ் என்று ஒருவர் வந்திருந்தார். நல்ல மனுஷன்தான். "ஆடி முடியுற வரைக்கும் உங்க இடத்த காலியா வச்சிருக்கேன்மா. அதுக்குள்ள போலீஸ் ரிப்போர்ட் வந்துட்டா நேரா வந்து உக்காருங்க. அதுக்கு மேல எனக்கே ஆள் காட்டச் சொல்லி நோட்டீஸ் வரும்" என்றார். ஆடி முடிய நாள் கிடக்கிறதே என்று நானும் தெம்பாக வீட்டுக்கு வந்தேன்.

வீட்டுக்கு வந்தேன் என்று சொல்கிறேன், எந்த வீட்டுக்கு? ஆனி, ஆடி என்றால் குற்றாலத்தில் சீசன். சாரல் விழ ஆரம்பித்தால் எங்கள் தெருவில் யார் வீடும் அவரவர் வீடு இல்லை. முன்பக்கத்தை அருவிக்குக் குளிக்க வருகிற கூட்டத்துக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, பின்கட்டு அறையில் ஒடுங்கிக்கொள்வோம். ஆள் அதிகம் வந்தால் அதையும் கொடுத்துவிட்டு உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விடுவோம். என் வீட்டுக்காரர் அருவிக்குப் போகும் பாதையில் நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிறார். அந்தக் கடை ஓடுவதும் சீசனில்தான். மற்ற மாதங்களில் என் சம்பளம்தான் அடுப்பை எரித்தது.

தெருவில் ஒரு வீட்டுக்கும் இப்படி வாடகைக்கு விட உரிமம் கிடையாது. கேட்காமல் இல்லை, கேட்டோம். தீயணைப்புச் சான்று, கார் நிறுத்த இடம், அது இது என்று அடுக்கினார்கள். இரண்டு ஆட்டோ எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டிய தெருவில் கார் நிறுத்துமிடத்துக்கு எங்கே போக? அதனால் ஆண்டாண்டாக ஒரு வழக்கம். வருகிறவர்களிடம் சாவியைக் கொடுக்கும்போதே ஒரு வாசகத்தையும் சொல்லிக்கொடுத்துவிடுவோம்: "யாரும் வந்து கேட்டா சொந்தக்காரங்கன்னு சொல்லுங்க." எந்த வீட்டில் கேட்டாலும் அதே பதில்தான் வரும். எதிர்வீட்டுக்காரர்களும் ஆமாம் போட வேண்டும். அது தெருவின் எழுதாத சட்டம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய குடும்பம் வந்திருந்தது. பின்கட்டையும் சேர்த்துக் கேட்டார்கள். கொடுத்துவிட்டு நான் மகளைக் கூட்டிக்கொண்டு வடகரையில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். வீட்டுக்காரர் கடையில். அன்றைக்கு அருவியில் தண்ணீர் கட்டுக்கடங்காமல் விழுந்ததால் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். வந்த கூட்டம் எங்கே போகும்? என் வீட்டில் உட்கார்ந்து என் அடுப்பில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார்கள்.

தடை போட்டதில் அருவிக்கரையில் பந்தோபஸ்துக்கு நின்ற தனிப்பிரிவு போலீஸ்காரருக்குக் கொஞ்சம் நேரம் கிடைத்திருக்கிறது. பக்கத்துத் தெருதானே, கையிலிருக்கிற கிளியரன்ஸ் விசாரணையை முடித்துவிடுவோம் என்று நேராக என் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டியிருக்கிறார்.

சாயங்காலம் நான் திரும்பி வந்ததும் எதிர்வீட்டு அக்கா ஓடி வந்தாள். முகமெல்லாம் பூரிப்பு.

"ஏட்டி, போலீஸ்லா வந்தான் ஒன் வீட்டுக்கு! நான் விட்டேனாங்கேன்?"

"எதுக்குக்கா வந்தாவ?"

"எதுக்கு வருவான்? வாடகைக்கு விட்டுருக்கமான்னு மோப்பம் பிடிக்கத்தான். உள்ள இருந்த ஆளுக சொந்தக்காரங்கன்னு சொல்லிட்டாவ. நானும் ஓடிப் போயி, ஆமா சார், அவ சித்தி வீட்டு ஆளுகதான்னு அடிச்சுச் சொல்லிட்டேன். மூச்சு விடல, போயிட்டான்."

வந்தது என் கிளியரன்ஸ் விசாரணைக்கு என்று எனக்குப் புரிந்துவிட்டது. உள்ளே ஓடிப்போய் மதுரைக் குடும்பத்து ஆளிடம் கேட்டேன். அவர் வெகுளியாக ஒப்பித்தார். போலீஸ்காரர் என் பெயரைச் சொல்லி, அவர் வீட்டில் இருக்கிறாரா என்று கேட்டாராம். இவருக்கு என் பெயர் தெரியாது, சாவி கொடுத்தது என் வீட்டுக்காரர். "அப்படி யாரும் இங்க இல்லையே சார்" என்றிருக்கிறார். "அப்ப நீங்க யாரு?" "இந்த வீட்டுக்குச் சொந்தக்காரங்க சார்." "என்ன முறை?" "மாமா முறை." எந்த மாமா, அவர் பெயர் என்ன என்று கேட்டதற்கு அந்த மனுஷன் தலையைச் சொறிந்திருக்கிறார். அதற்குள் எதிர்வீட்டு அக்கா வந்து சித்தி வீடு என்றிருக்கிறாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். அக்காவை வைய எனக்கு வாய் வரவில்லை. அவள் எனக்கு நல்லது செய்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் போலீஸ்காரரைத் தேடி ஸ்டேஷனுக்குப் போனேன். அருவியில் ட்யூட்டி என்றார்கள். அங்கே போனால் தண்ணீர் குறைந்து மறுபடி குளிக்க விட்டிருந்தார்கள். அவர் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு, வாயில் விசிலோடு, கூட்டத்தை வரிசையில் தள்ளிக்கொண்டிருந்தார். அருவிச் சத்தத்தில் நான் கத்திக் கத்திச் சொன்னேன்.

"சார், அந்த வீடு என் வீடுதான். நான்தான் அங்கன குடியிருக்கேன். நேத்து இருந்தவங்க..."

"தெரியும்மா." விசில். "சோப்பு போடாத, ஏய், சோப்பு போடாத!" மறுபடி என் பக்கம் திரும்பினார். "அவங்க ரூமுக்கு வந்த பார்ட்டின்னு எனக்குத் தெரியாதா? பொறந்து வளந்தது இந்தா பக்கத்துல இலத்தூரும்மா நான். ஒங்க தெருவே சீசன் தெருன்னு சின்னப்பிள்ளைக்குக் கூடத் தெரியும்."

"தெரிஞ்சா அப்படி எழுத வேண்டியதுதான சார்?"

"எப்படி எழுத? சொந்தக்காரங்கன்னாவ, சொந்தக்காரங்கன்னு எழுதுனேன். ஒங்க பேரு தெரியலன்னாவ, தெரியலன்னு எழுதுனேன். ஒருத்தர் மாமாங்காரு, ஒரு அம்மா சித்திங்கா. அதையும் எழுதுனேன். நீங்க வேலை பாக்கது என்ன மளிகைக் கடையா? அங்கன போற ரிப்போர்ட்டுல நான் கதை எழுத முடியுமா?"

"இப்ப திருத்திக் குடுங்க சார்."

"காலையிலயே எஸ்.பி. ஆபீஸுக்குப் போயிட்டும்மா. ஒண்ணு செய்யலாம். அவங்க வாடகைக்கு வந்த ஆளுக, வருசாவருசம் இப்படித்தான் விடுதோம்னு நீங்க கையெழுத்துப் போட்டு எழுதிக் குடுங்க, நான் அதையும் சேத்து அனுப்பிருதேன். ஆனா அப்படி எழுத்துல வந்திட்டுன்னா பேரூராட்சிக்கு ஒரு காப்பி போகும். அவங்க ஒங்க வீட்ட மட்டும் பாக்க மாட்டாவ, பாத்துக்கிடுங்க."

சொல்லிவிட்டு விசில் ஊதப் போய்விட்டார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் எழுதியதிலும் ஒரு எழுத்து பொய் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். சாரலில் நனைந்துகொண்டே வீட்டுக்கு நடந்தேன், குடை கையில் இருந்தும் விரிக்கத் தோன்றவில்லை. வழியில் கடையில் நின்று, எழுதிக் கொடுத்துவிடப் போகிறேன் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

நான் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்ற செய்தி எனக்கு முன்னால் தெருவுக்குப் போய்விட்டது. என் வீட்டுக்காரர்தான் யாரிடமோ போனில் சொல்லியிருக்க வேண்டும். கூடத்தில் தெருக்காரர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். பேசியது எதிர்வீட்டு அக்காதான்.

"நாங்க ஒன் வேலை வேண்டாம்னு சொல்லலட்டி. ஒனக்குப் படிப்பு இருக்கு. இது போச்சுன்னா இன்னொரு வேலை. எங்களுக்குச் சீசன் போச்சுன்னா வருசமே போச்சு. எங்க வயித்துல அடிச்சிராத தாயி."

"அப்ப என் வயித்துல அடிச்சா பரவால்லியாக்கா?"

"சொந்தக்காரங்கன்னே எழுதிக் குடேன். என்ன வந்திரப் போகுது?"

"பேரு கேப்பான், ஊரு கேப்பான், ஆதார் கேப்பான். நான் எங்க போக?"

"அதுக்கென்ன, அவங்கட்டயே கேட்டுப் பாப்போம்" என்று என் வீட்டுக்காரர், காலையில் ஊருக்குக் கிளம்பிப் போயிருந்த மதுரைப் பார்ட்டிக்குப் போன் போட்டார். கடையை அடைத்துவிட்டு என் பின்னாலேயே வந்திருந்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. விஷயத்தைக் கேட்டதும் அந்த ஆளின் குரல் மாறிவிட்டது. "எங்களுக்கு எதுக்கு சார் போலீஸ் வம்பு? நாங்க குற்றாலத்துக்கே வரலன்னு வச்சுக்கோங்க" என்று துண்டித்துவிட்டார். அதற்கப்புறம் அந்த நம்பர் எடுக்கவே இல்லை. நேற்று மாமா முறை.

எல்லாரும் போனபின் வீட்டுக்காரர் சொன்னார், "நீ எழுதிக் குடுக்கணும்னா குடு. நான் தடுக்கல. ஆனா நாளைக்கு இந்தத் தெருவுல எப்படி நடமாட?" தடுக்கவில்லையாம். இதைவிட ஒரு மனுஷன் எப்படித் தடுப்பான்? அவரோடு அன்றைக்கு நான் பேசவில்லை, அதற்கப்புறமும் ரொம்ப நாள் சரியாகப் பேசவில்லை.

ஆடி பாதியில் நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். கேட்டுக்கு வெளியே இருக்கிற பார்வையாளர் அறையில் அந்தப் புதிய அதிகாரி உட்கார்ந்திருந்தார். முன்னால் போலீஸ் அறிக்கை. மரியாதையாகத்தான் பேசினார். நாற்காலி போடச் சொன்னார்.

"உங்க வீட்டில இருந்தவங்க யாரு?"

"தெரிஞ்சவங்க சார்."

"ரிலேட்டிவ்ஸ்னு சொல்லியிருக்காங்க. ஆனா உங்க பேர் தெரியல. அவங்க பேர் என்ன?"

உண்மையைச் சொல்ல வாய் திறந்தால் எதிர்வீட்டு அக்காவின் முகம் வந்து நின்றது. ஏதாவது ஒரு பெயரைப் பொய்யாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் தப்பான பிரதி யார் கைக்கும் போகக்கூடாது என்றே பதினொரு வருடம் பழகியவளுக்கு வாயில் பொய் வரவில்லை. கடைசியில் வேறொன்று கேட்டேன்.

"சார், இத்தன வருசத்துல என் கையில இருந்து ஒரு தாள் வெளிய போயிருக்கா? உள்ள யார்கிட்ட வேணும்னாலும் கேளுங்க."

"அது பழைய கம்பெனி பீரியட்மா. அந்தக் கிளியரன்ஸ் முடிஞ்சிடுச்சு. எனக்கு நீங்க புது ஆள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்க."

புது ஆள். அவர் அந்த நாற்காலிக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருக்காது. நான் புது ஆள். ஒரு கும்பிடு போட்டுவிட்டு எழுந்தேன். கேட்டுக்கு வெளியே வேன் வருகிற வரைக்கும் நின்று அழுதேன், யார் பார்த்தால் என்ன என்று.

ஆடி முடிந்து இரண்டு வாரம் கழித்து சைட் இன்சார்ஜ் போன் செய்தார். குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. வேறு ஊர்ப் பிள்ளை ஒருத்தியைப் போட்டாச்சு, கிளியரன்ஸ் ஒரே வாரத்தில் வந்துவிட்டது என்றார். அப்பார்ட்மெண்டில் குடியிருக்கிறவளாம். நல்லது. அங்கே யாரும் யாருக்கும் சொந்தக்காரர்கள் கிடையாது. ஸ்வெட்டரையும் டிபன் தூக்கையும் வேன் டிரைவர் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். தூக்கில் கடைசியாகக் கொண்டுபோன புளியோதரை பூசணம் பூத்துக் கிடந்தது. கழுவிக்கூடப் பார்க்கவில்லை, அப்படியே தூக்கி எறிந்தேன்.

நான் எழுதிக் கொடுக்கவில்லை என்று தெரிந்ததும் எதிர்வீட்டு அக்கா ஒரு பை மங்குஸ்தான் கொண்டுவந்தாள். "நீ நல்லா இருப்பட்டி, ஒனக்கு ஒரு கொறையும் வராது" என்றாள். அந்த வருடம் சீசன் நன்றாக இருந்ததாகச் சொன்னாள். பழத்தை மகள் தின்றாள். நான் தொடவில்லை. ஊரோடு ஒத்து வாழ் என்பார்கள். ஒத்து வாழ்ந்தவளுக்கு ஊர் என்ன தரும் என்று யாரும் சொல்வதில்லை. மங்குஸ்தான் தரும்.

பிறகு தென்காசியில் இரண்டு மூன்று இடத்தில் கேட்டுப் பார்த்தேன். அந்த வேலையில் பழகிய கைக்கு வெளியே என்ன வேலை? முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள் என்பார்கள். கிளியரன்ஸ் வரவில்லை என்று சொன்னால் ஏற இறங்கப் பார்க்கிறார்கள், ஏதோ நான் வரைபடத்தை எதிரி நாட்டுக்கு விற்றுவிட்டவள் மாதிரி. அதனால் சொல்வதை விட்டுவிட்டேன். கேட்பதையும் விட்டுவிட்டேன்.

அடுத்த சீசன் வந்தது. நான் வீட்டிலேயே இருப்பதால் இப்போது சாவி கொடுக்கிற வேலை என்னுடையது. எதிர்வீட்டு அக்கா, "நீ சும்மாதானட்டி இருக்க, எங்க வீட்டு ஆளுகளுக்கும் சேத்து டீ போட்டுக் குடேன்" என்கிறாள். போட்டுக் கொடுக்கிறேன். ஆனால் என் வீட்டுச் சாவியை நான் சும்மா கொடுப்பதில்லை. வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி, என் பெயர், என் வீட்டுக்காரர் பெயர், மாமனார் பெயர், என்ன முறை என்று எல்லாவற்றையும் சொல்லி, ஒருவர் விடாமல் திருப்பிச் சொல்ல வைத்த பிறகுதான் சாவி. பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை.

போன வாரம் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம். அந்த அம்மா ரொம்பக் கவனமாகக் கேட்டுக்கொண்டு, தப்பில்லாமல் ஒப்பித்தாள். சாவியை நீட்டும்போது, "ஒண்ணு விட்டுப்போச்சேக்கா" என்றாள். "நீங்க என்ன வேலை பாக்கீங்கன்னு கேட்டா என்ன சொல்ல?"

நீட்டிய சாவியை அவள் கையில் வைத்தேன்.

"வீட்டுல சும்மா இருக்காங்கன்னு சொல்லுங்க" என்றேன். அவள் அதையும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.